தம்பியின் பெயரில் இருபத்தொரு நாட்கள்

என் கையெழுத்தைப் பார்த்து யாரும் முகம் சுளிக்க வேண்டாம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். என் எழுத்துகள் கோட்டில் நிற்காது, மேலே ஏறும், கீழே இறங்கும். பிழைகளும் நிறைய இருக்கும். துறைமுக ஆபீஸில் வேலை பார்க்கும் சபாபதி சார் அவற்றைத் திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். எழுதச் சொன்னதும் அவர்தான். "ஹவுராவுல நம்மாளுங்க எத்தனை பேரு அடுத்தவன் டோக்கன்ல வேலைக்குப் போறாங்க. அவங்களுக்குத் தெரியணும்ல? உங்களுக்குத்தான் பேச வராது. எழுதுங்க" என்றார். அது உண்மை. ஊரில் பெண் பார்க்கப் போன இரண்டு வீட்டிலும் மாப்பிள்ளை ஊமையா என்று கேட்டார்கள். அதோடு அந்தப் பேச்சு நின்றது. தம்பி வேலாயுதம், அவன் மனைவி தனம், நான், மூன்று பேரும் ஹவுராவில் ஒரே அறையில் இருந்தோம்.

எனக்கு வேலை ஒரு வார்ப்புப் பட்டறையில். வாசலில் ஒரு பலகை இருக்கும். அதில் ஆணிகள். ஒவ்வொரு ஆணியிலும் எண் போட்ட ஒரு பித்தளை வில்லை. அதுதான் டோக்கன். காலையில் நம் டோக்கனை எடுத்து டைம்கீப்பரிடம் கொடுத்தால் நோட்டில் நம் பெயருக்கு நேரே ஒரு கோடு போடுவார். அன்று நாம் வந்துவிட்டோம் என்று அர்த்தம். என்னுடையது முப்பத்தொன்று. மூன்று நாள் தொடர்ந்து எடுக்காமல் ஆணியிலேயே தொங்கினால் நாலாம் நாள் அது வேறு ஒருவனுக்குப் போய்விடும். கேட்க நாதி கிடையாது.

1997 மழைக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை தொப்புளைச் சுற்றி வலி எடுத்தது. வாயு என்று நினைத்து சோடா குடித்தேன். சனிக்கிழமை வலி வலது பக்கம் இறங்கி அங்கேயே உட்கார்ந்துகொண்டது. ஞாயிறு காலை திடீரென்று வலி குறைந்தது. சரியாகிவிட்டது என்று எழுந்து பல் தேய்த்தேன். பிறகுதான் டாக்டர் சொன்னார், அதுதான் கெட்ட அடையாளமாம். பெருங்குடல் தொடங்கும் இடத்தில் விரல் அளவுக்கு ஒரு வால் தொங்குகிறது. அதைக் குடல்வால் என்பார்கள். அது பழுத்து வீங்கும்போது வலிக்கும். வெடித்துவிட்டால் கொஞ்ச நேரம் வலி தெரியாது. அதற்குள் சீழ் வயிறு முழுக்கப் பரவிவிடும். மத்தியானம் என் வயிறு பலகை மாதிரி ஆகிவிட்டது. தம்பி என்னை ஒரு சைக்கிள் வண்டியில் தூக்கிப் போட்டான்.

ஹவுராவிலேயே ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே போனால் பட்டறை ஆட்கள் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று படகில் ஏற்றி ஆற்றைத் தாண்டி, கல்கத்தா பக்கம் ஒரு பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். எமர்ஜென்சி ஜன்னலில் பெயர் கேட்டார்கள். தம்பி தயங்காமல் தன் பெயரைச் சொன்னான். நான் தள்ளுவண்டியில் படுத்தபடி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

குனிந்து காதில் சொன்னான். "சும்மா இருங்கண்ணே. நீங்க இங்க கெடக்குறது பட்டறைக்குத் தெரிஞ்சா டோக்கன் போயிரும். நம்ம மில்லுதான் மூணு மாசமா பூட்டிக் கெடக்கே. நாளையிலேர்ந்து நான் ஆறுமுகம். நீங்க வேலாயுதம். படுத்துத் தூங்குங்க."

அவன் வேலை பார்த்த சணல் மில் அப்போது கதவடைப்பில் இருந்தது. அடுத்தவன் டோக்கனில் வேலைக்குப் போவது எங்கள் பக்கம் யாரும் பெரிதாக நினைக்காத காரியம். அண்ணனுக்குக் காய்ச்சல் என்றால் தம்பி போவான். ஆஸ்பத்திரியிலும் பெயரை மாற்றிச் சொன்னதுதான் நாங்கள் செய்த பெரிய தவறு. அது தவறு என்று அன்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

வயிற்றைப் படம் பிடித்துப் பார்த்தார்கள். ஜெல்லி மாதிரி ஏதோ தடவி ஒரு கருவியை வைத்து உருட்டுவார்கள். வலிக்காது, ஜில்லென்று இருக்கும். உடனே ஆபரேஷன் என்றார்கள். சீட்டில் எழுதிக் கொடுத்த மருந்துகளை வாங்கத் தம்பி ஓடினான். அவன் திரும்புவதற்குள் ஒரு சின்ன டாக்டர் தாளை நீட்டினார். மீசை சரியாக முளைக்காத முகம். "வயிற்றைத் திறக்கணும். உயிருக்கு ஆபத்தும் வரலாம். சம்மதம்னா கையெழுத்து போடுங்க" என்று இந்தியில் சொல்லிப் பேனாவைக் கையில் வைத்தார்.

எனக்குத் தெரிந்தது ஒரே கையெழுத்து. வாத்தியார் என் கையைப் பிடித்து எழுத வைத்த என் பெயர். கை தானாகவே எழுதிவிட்டது. ஆறுமுகம் என்று தமிழில். எழுதி முடித்த பிறகுதான் வயிற்று வலியை மீறி இன்னொரு பயம் வந்தது. டாக்டர் அந்தத் தாளைப் பார்த்தார். அவருக்கு அது எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்திருக்கும். "டீக் ஹை", அதாவது சரி, என்று சொல்லி, அதன் கீழே தேதியும் மணியும் எழுதித் தன் கையெழுத்தைப் போட்டுக்கொண்டார். நான் தேதி போடவில்லை. போட வேண்டும் என்று தெரியாது.

இதைத் தம்பியிடம்கூடச் சொல்லவில்லை. வார்டுக்குப் புது டாக்டர் யார் வந்தாலும் அவருக்குத் தமிழ் தெரிந்திருக்குமோ என்று முகத்தைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன்.

முதுகெலும்பில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே என் உடம்பு எனக்கே சொந்தமில்லை என்பதுபோல் ஆகிவிட்டது. பிறகு வயிற்றில் ஒரு ரப்பர் குழாய். மிச்சம் இருக்கும் சீழ் அதன் வழியாக ஒரு பையில் இறங்கும். முதல் இரண்டு நாள் கட்டில் கிடைக்கவில்லை, இரண்டு கட்டில்களுக்கு நடுவே தரையில் கிடந்தேன். மூன்றாம் நாள் ஆயா மாஷிதான் ஒரு கட்டில் காலியானதும் யாரும் வருவதற்குள் என் போர்வையைப் போட்டு இடம் பிடித்துத் தந்தாள். எங்கள் வார்டில் எல்லா ஆயாக்களும் மாஷிதான். சின்னம்மா என்று அர்த்தம்.

பக்கத்துக் கட்டிலில் நிமாய் தாதா. ஓய்வு பெற்ற டிராம் கண்டக்டர், குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்தவர். தாதா என்றால் வங்காளத்தில் அண்ணன். வார்டு முழுவதும் அவருடைய டிராம் வண்டி மாதிரி. யார் ஏறினார்கள், யார் இறங்கினார்கள் என்று அவருக்குத் தெரியும். என்னைப் பார்த்து, "பதினைந்து வார்த்தைக்கு ஒரு டிக்கெட் என்று வைத்தால்கூட உன்னிடம் ஒரு டிக்கெட் கிழிக்க முடியாதே" என்பார்.

மாலை நாலு மணிக்கு மணி அடிக்கும். ஆறு வரை சொந்தக்காரர்கள் வரலாம். தனம் நாலுக்கே வந்துவிடுவாள். கஞ்சி குடிக்கலாம் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து தூக்குச்சட்டியைத் துணியில் சுற்றி, சூடு ஆறாமல் படகில் மடியில் வைத்துக்கொண்டு வருவாள். தம்பி வேலை முடிந்து ஓடி வருவான். ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது வாசலில் அவன் தலை தெரியும். உடம்பெல்லாம் கரி.

"அண்ணே, உங்க பேருல வேலை செஞ்சு என் வாயே போச்சு. ஆறுமுகம்னா பேச மாட்டான்னு எவனும் எங்கிட்ட வாயக் குடுக்க மாட்டேங்குறான்."

"ஃபோர்மேன் பாபு ஒண்ணும் கேக்கலியா?" என்றேன்.

"கேட்டாரு. அண்ணன் எப்படி இருக்கான்னு கேட்டாரு. டோக்கன் வந்தாப் போதும்டா, மூஞ்சி எதுக்குன்னாரு."

பன்னிரண்டாம் நாள் அவன் சிரிக்கவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கையைத் துடைத்தபடி சொன்னான். "அந்தச் செயின் புல்லியில ஒரு கண்ணி வாயப் பொளந்துக்கிட்டு நிக்கிதுண்ணே. கம்பியப் போட்டு முறுக்கி வச்சிருக்கானுங்க. எவ்ளோ பாரம் தூக்குது. நான் ஃபோர்மேன்ட்ட சொன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"ஒங்கண்ணன் நாலு மாசமா அதுக்குக் கீழதான் நின்னான், ஒரு நாளும் குறை சொன்னதில்லைன்னாரு."

நான் கஞ்சியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கண்ணியை நாலு மாதமாக நானும் பார்த்தேன். சொன்னதில்லை. யாரிடமும் போய் நின்று ஒன்றைச் சொல்வது எனக்கு எப்போதும் முடிந்ததில்லை. "கொஞ்சம் தள்ளி நில்லுடா" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. நாலு மணிக்கு மணி அடித்தது. தனம் வரவில்லை. ஆறு மணிக்குத் தம்பியும் வரவில்லை. மழை, படகை நிறுத்தியிருப்பார்கள் என்றார் நிமாய் தாதா. சனிக்கிழமை மழை இல்லை. ஞாயிறும் யாரும் வரவில்லை. நிமாய் தாதாவின் மனைவி கொண்டுவந்த மீன் குழம்பு ஊற்றிய சோற்றில் பாதியை எனக்குக் கொடுத்தார்கள். இறங்கவில்லை.

திங்கட்கிழமை தனம் வந்தாள். நெற்றியில் பொட்டு, தலையில் பூ, கையில் தூக்குச்சட்டி.

"காய்ச்சல் மாமா, எந்திரிக்க முடியல. அவருக்கு ஓவர்டைம். ராத்திரிதான் வர்றாரு. ஒங்கள நல்லாத் தின்னச் சொன்னாரு" என்றாள். கண் சிவந்திருந்தது. காய்ச்சல் என்றுதான் நினைத்தேன். வெள்ளிக்கிழமை வரை ஐந்து நாள் அதே பொட்டு, அதே பூ, அதே ஓவர்டைம். ஒரு நாள் நான் பாதிக் கஞ்சியை வைத்துவிட்டேன். "இவ்ளோ தூரம் தூக்கிட்டு வந்தது ஆத்து மீனுக்குப் போடவா?" என்று அதட்டினாள். அதற்கு முன் அவள் என்னை அதட்டியதில்லை. நிமாய் தாதா அந்த வாரம் முழுவதும் என்னைக் கேலி செய்யவில்லை. அதையும் நான் கவனிக்கவில்லை.

இருபத்தொன்றாம் நாள், சனிக்கிழமை காலை. தையல் பிரித்தாகிவிட்டது. தனம் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். சிஸ்டர் வாசலில் நின்று தாளைப் பார்த்து உரக்கக் கூப்பிட்டாள். "வேலாயுதம்! வேலாயுதம், உனக்குச் சுட்டி!" சுட்டி என்றால் விடுதலை, வீட்டுக்குப் போகலாம் என்று அர்த்தம்.

தனம் கையிலிருந்த துண்டு கீழே விழுந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிஸ்டர் மறுபடியும் அந்தப் பெயரைக் கூப்பிட்டாள். தனம் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து சொன்னாள். அந்த வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு அந்தக் கண்ணி விட்டுப்போனது. பாரம் அவன் மேல் விழுந்து, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. பிரேதப் பரிசோதனை முடிந்து ஞாயிற்றுக்கிழமை எரித்தார்கள். எங்கள் சந்தில் இருக்கும் ஒரு கடைக்காரர் கொள்ளி வைத்தார். எனக்கு இன்னும் தையல் பிரிக்கவில்லை, அதிர்ச்சி தாங்காது என்று டாக்டர் சொன்னதால், தினமும் படகுத்துறையில் பொட்டு வைத்துப் பூ வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். திரும்பும்போது படகில் எடுத்து ஆற்றில் போட்டிருக்கிறாள். மாடிப்படியில் அவள் அழுததை நிமாய் தாதாவின் மனைவி பார்த்திருக்கிறாள்.

அன்று சம்மதத் தாளை நீட்டியபோது உயிருக்கு ஆபத்து வரலாம் என்று சொன்னார்கள். எந்த உயிருக்கு என்று சொல்லவில்லை.

வீடு வந்த மூன்றாம் நாள் ஃபோர்மேன் பாபு ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தார். வாசற்படியில் உட்கார்ந்து அன்பாகத்தான் பேசினார். "ஆறுமுகம், நோட்டுல அன்னைக்கு உன் பேருக்குக் கோடு இருக்கு. நீ வேலைக்கு வந்திருந்தே. உயிரோட இருக்கே. அப்ப பட்டறையில யாரும் சாகலை. உன் தம்பி உன்னப் பாக்க உள்ள வந்தான், வரக்கூடாத எடத்துல வந்து நின்னான். அப்படி ஒரு தாள்ல கையெழுத்து போடு. உனக்கு வேலைய நிரந்தரமாக்கித் தர்றதா முதலாளி சொல்லிட்டாரு." நான் வழக்கம்போல் பேசாமல் இருந்தேன். சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

தனம் அந்த ஆப்பிள்களைத் தொடவில்லை. "நீங்க வேலைக்குப் போங்க, போகாம இருங்க மாமா. அது ஒங்க இஷ்டம். ஆனா அவரு திருடன் மாதிரி உள்ள பூந்து செத்தாருன்னு மட்டும் எழுத விட்றாதீங்க" என்றாள்.

ஹவுரா கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு வக்கீலைப் பார்த்தோம். என் ஆஸ்பத்திரித் தாளைப் படித்துவிட்டுச் சிரித்தார். "செத்தவர் பெயர் வேலாயுதம். இந்தத் தாள் சொல்கிறது, வேலாயுதம் அன்று ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். ஆறுமுகம் பட்டறையில் இருந்தார். உங்கள் காகிதமே உங்களுக்கு எதிரி. போய்விடுங்கள், இல்லையென்றால் ஆள்மாறாட்டம் என்று உங்களைத்தான் உள்ளே தள்ளுவார்கள்."

அதற்குப் பிறகு ஒரு மாதம் எங்கும் போகவில்லை. புண்ணைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனபோது நிமாய் தாதாவும் அங்கே வந்திருந்தார். நான் சொன்னதையெல்லாம் கேட்டார். அவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை. ஏழைகளுக்கு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும் ஆபீஸ் ஒன்று இருக்கிறது என்றார். முகவரியை எழுதித் தந்தார். நான் மூன்று நாள் அந்த ஆபீஸ் வராந்தா வரை போய்விட்டுத் திரும்பினேன். நாலாம் நாள் அவரே வந்து, "ஏறு, ஏறு, வண்டி கிளம்பப் போகிறது" என்று முதுகில் கை வைத்து உள்ளே தள்ளினார்.

அங்கே இருந்தது ஒரு பெண் வக்கீல். எல்லோரும் தீதி என்பார்கள், அக்கா என்று அர்த்தம். என்னைவிட வயதில் சிறியவர். தாள்களை எல்லாம் பார்த்தார். சிரிக்கவில்லை.

"ஆஸ்பத்திரியில யார்கிட்டயாவது உங்க சொந்தப் பேரைச் சொன்னீங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"ஏதாவது தாள்ல கையெழுத்து போட்டீங்களா?"

இத்தனை நாள் மறைத்து வைத்த குற்றம் அது. "தப்பு நடந்துபோச்சு தீதி. பயத்துல என் பேரையே எழுதிட்டேன். தமிழ்ல" என்று இந்தியில் தடுமாறிச் சொன்னேன். மன்னிப்புக் கேட்கத்தான் சொன்னேன்.

தீதி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். நிமாய் தாதாவைப் பார்த்து வங்காளத்தில் ஏதோ சொன்னார். அவர் கைதட்டினார். "ஊமையன் மொத்தமும் ஒரே இடத்தில் பேசி வைத்திருக்கிறான்" என்றார்.

தீதி மெதுவாக எனக்கு விளங்க வைத்தார். தம்பியின் பெயர் போட்ட கோப்பில் என் கையெழுத்து இருக்கிறது. கீழே டாக்டர் எழுதிய தேதி. கட்டிலில் கிடந்தது நான் என்றால், அந்த வெள்ளிக்கிழமை டோக்கனை எடுத்தவன் வேறு ஆள். "ஆனா நீங்க பொய் சொன்னதையும் நீங்களே சொல்லணும். வேலை போயிரும். ஜெயில்னு மிரட்டுவாங்க. யோசிச்சு வாங்க" என்றார். யோசிக்க என்ன இருக்கிறது? "வர்றேன்" என்றேன்.

தொழிலாளர் நஷ்டஈட்டு ஆணையர் முன்னால் தனத்தின் பெயரில் மனு கொடுத்தோம். ஆஸ்பத்திரிக் கோப்பு வந்து சேரவே ஒரு வருஷம் ஆனது. கரையான் ஒரு மூலையைத் தின்றிருந்தது. அந்தத் தாள் தப்பித்திருந்தது. தமிழ் படிக்கத் தெரிந்தவர் வேண்டும் என்று தீதி தேடிக் கூட்டிவந்தவர்தான் சபாபதி சார். தாளை வெளிச்சத்துக்குக் காட்டி, "ஆறுமுகம்" என்று படித்தார். பட்டறை வக்கீல், பிறகு எழுதிச் சேர்த்திருப்பார்கள், இவர் தேதிகூடப் போடவில்லை என்றார். டாக்டருடைய தேதி அதன் கீழே இருக்கிறதே என்று தீதி காட்டினார். எனக்கு மட்டும் கேட்கும்படி, "இனிமே எங்க கையெழுத்து போட்டாலும் தேதி போடுங்க. இல்லன்னா பாதிக் கையெழுத்துதான்" என்று கடிந்துகொண்டார்.

பிறகு என் சட்டையைத் தூக்கச் சொன்னார்கள். அத்தனை பேர் முன்னால் தூக்கினேன். வலது பக்கம் தழும்பு, குழாய் இருந்த இடத்தில் ஒரு பள்ளம். தம்பியின் பிரேதப் பரிசோதனைத் தாளில் வயிற்றில் பழைய வெட்டோ தையலோ இல்லை என்று எழுதியிருந்தது. தனம் தலையைக் குனிந்துகொண்டாள்.

கடைசியாக ஆணையர் என்னிடம் கேட்டார். "அந்தச் செயின் பழுதானது உங்களுக்குத் தெரியுமா?"

ஃபோர்மேன் பாபு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னேன். "நாலு மாசமாப் பார்த்தேன். நான் யார்கிட்டயும் சொல்லல. என் தம்பி சொன்னான். முந்தின நாள் இவர்கிட்டதான் சொன்னான்." ஃபோர்மேன் பாபு மறுத்தார். ஆனால் என் முகத்தைப் பார்த்து மறுக்கவில்லை.

போன கார்த்திகையில் தீர்ப்பு வந்தது. பட்டறைக்காரர்கள் மேல் கோர்ட்டுக்குப் போயிருக்கிறார்கள், அது நடந்துகொண்டிருக்கிறது. எனக்கு வேலை போய்விட்டது. இப்போது காளிகாட்டில் ஒரு இட்லிக் கடையில் மாவு அரைக்கிறேன். தனமும் அங்கேதான் காய் நறுக்குகிறாள். தீர்ப்பில் ஒரு வரி இருக்கிறது. அதைச் சபாபதி சாரிடம் மூன்று தடவை தமிழில் சொல்லச் சொன்னோம். அன்று முப்பத்தொன்றாம் டோக்கனில் வேலை செய்துகொண்டிருந்தவர் வேலாயுதம்.

மூன்றாம் தடவை தனம் காதைப் பொத்தவில்லை. "இன்னொரு வாட்டி சொல்லுங்க சார்" என்றாள்.

இதைப் படிக்கிறவர்கள் யாராவது அடுத்தவர் டோக்கனில் வேலைக்குப் போகிறவராக இருந்தால், ஆஸ்பத்திரியிலாவது உங்கள் பெயரைச் சொல்லுங்கள். பழுதான எதையாவது பார்த்தால் வாயைத் திறந்து சொல்லுங்கள். என்னைப் போல் வெட்கப்படாதீர்கள்.

கீழே இருப்பது என் கையெழுத்து. தேதியும் நானே போட்டிருக்கிறேன்.

ஆறுமுகம்
14 மார்ச் 2001